மருதக் கிளை பாடிய புதுப் பாட்டு

மருதங்குட்டைக் கரையில் கச்சேரி பாதியில் இருந்தது. கூட்டம் எழுந்து போய்க்கொண்டிருந்தது.

முதலில் முயல்கள் போயின. ஒரு முயல் எழுந்தால் எல்லா முயல்களும் எழுந்துவிடும். அடுத்து புள்ளிமான்கள் போயின. "புல்லு மேய நேரமாச்சுங்க" என்று மரியாதையாக ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போயின. மந்திகள் காரணம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்தவர் வனசபைத் தலைவர் கரடியார் மட்டும்தான். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

மேடைப் பாறையின் மேல் நின்றிருந்த துடுப்பன் திரும்பியே பார்க்கவில்லை. அவன் வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

துடுப்பன் ஒரு கரிச்சான் குருவி. உடம்பு முழுக்க மினுமினுக்கும் கறுப்பு. வாலிலிருந்து கம்பிபோல இரண்டு நீள இறகுகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னத் துடுப்பு. அந்தத் துடுப்புகளை அசைத்துத்தான் அவன் தன் குழுவை நடத்தினான். வலத் துடுப்பு உயர்ந்தால் பறவைகளும் பூச்சிகளும் ஒலிக்க வேண்டும். இடத் துடுப்பு உயர்ந்தால் தரையில் நிற்பவர்கள் ஒலிக்க வேண்டும். இரண்டும் குறுக்கே விழுந்தால் எல்லாரும் நிறுத்த வேண்டும்.

குழுவின் பெயர் புதுநாதக் குழு. அதற்குச் சட்டம் உண்டு. காட்டில் இதுவரை யாரும் கேட்காததை மட்டுமே இசைக்க வேண்டும். ஒருமுறை இசைத்ததை மறுபடி இசைக்கக் கூடாது. ஒரே ஒரு மாலைக்காக மாதக்கணக்கில் பழகுவார்கள். மாலை முடிந்ததும் அந்தப் பாட்டைக் காற்றோடு விட்டுவிடுவார்கள்.

அன்று இசைத்த பாட்டின் பெயர் 'நத்தையின் அவசரம்'. அதற்கு முன் இசைத்தது 'காய்ந்த இலையிடம் ஒரு கேள்வி'. இரண்டையும் யாரும் கடைசிவரை கேட்கவில்லை. ஆகவே அவை நன்றாக இருந்தனவா என்று சொல்லவும் ஆளில்லை.

துடுப்பனுக்குப் புதுமைமேல் ஏன் இத்தனை வெறி? அதற்கு ஒரு கதை உண்டு.

கரிச்சானுக்குப் பிறவியிலேயே ஒரு வித்தை வரும். யார் குரலையும் அப்படியே எடுத்துவிடும். துடுப்பன் அதில் சூரன். அணில்போலக் கீச்சிடுவான். பருந்துபோல அலறுவான். ஒரு மழைக்காலத்தில் ஓடைக்கரை வாகைமரம் முறிந்து விழுந்தது. அந்தச் சத்தத்தையும் விடவில்லை. காட்டுப்பன்றிகளின் பின்னால் போய் உட்கார்ந்து அதே சத்தம் போட்டான். பன்றிகள் நாலு திசைக்கும் சிதறி ஓடின. காடே விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகொரு நாள் வழிப்போக்காக வந்த வாலாட்டிக் குருவி ஒன்று கேட்டது. "எல்லார் குரலும் கேட்டாச்சு. உங்க குரல் எதுங்க?"

துடுப்பன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

அன்றே குட்டைத் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்தான். "இனி என் தொண்டையில இன்னொருத்தர் குரல் ஏறாது!" அதற்குப் பிறகு பிறந்ததுதான் புதுநாதக் குழு.

சரி, கச்சேரிக்கு வருவோம். கூட்டம் கலைந்த அமைதியில் கரடியார் விழித்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா?"

"இல்லைங்க தலைவரே. சிலுப்பி இன்னும் உதறலை."

சிலுப்பி ஒரு முள்ளம்பன்றி. ஒவ்வொரு பாட்டும் அவளால்தான் முடியும். கடைசியில் ஒரே ஒருமுறை முதுகை உலுக்கி முட்களை உதறுவாள். 'சல்ல்ல்ல்!' அவ்வளவுதான் அவள் வேலை. அதில் அவளுக்கு இருந்த பெருமை யானைக்கும் கிடையாது. கச்சேரி நெருங்கினால் முள் ஒடிந்துவிடும் என்று புதர்ப்பக்கமே போகமாட்டாள். "பாட்டு முழுக்கச் சும்மா இருந்துட்டு ஒரு தடவை உதறுறதுக்கு இத்தனை அலட்டலா?" என்று கேட்ட கீரிப்பிள்ளையோடு அவள் இன்றுவரை பேசுவதில்லை.

அந்த நேரம் பார்த்து மயில் நீலகண்டர் தோகையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் மயில் கூட்டத்துக்குத் தலைவர்.

"தலைவரே, நியாயத்தைச் சொல்லுங்க. நாங்க வருஷா வருஷம் ஒரே மழைப்பாட்டைப் பாடுறோம். கேக்குறவனும் கூடச் சேர்ந்து பாடுறான். இவங்க பாட்டுக்கு உட்கார ஆளில்லை. இந்தப் பாறை மேடையும் மருத நிழலும் இவங்களுக்கு எதுக்கு?"

"புதுசைக் கேக்கக் காது பழகணும்!" என்றான் துடுப்பன்.

"பழகுறதுக்குள்ளே காது உதிர்ந்துடும்!" என்றார் நீலகண்டர்.

கரடியார் வயிற்றைச் சொறிந்துகொண்டார். அவருக்குச் சண்டை பிடிக்காது. தீர்ப்பும் பிடிக்காது. ஆனால் தலைவராயிற்றே!

"இப்படி வெச்சுக்குவோம். இன்னும் ஒரு கச்சேரி. பாட்டு முடியிற வரைக்கும் கூட்டம் உட்கார்ந்திருந்தா மேடை துடுப்பனுக்கு. நடுவுலே எழுந்து போனா மேடை மயிலுக்கு. குழுவையும் கலைச்சுடணும். சரியா?"

"சரி!" என்றார் நீலகண்டர் உடனே.

"சரி" என்றான் துடுப்பன். குரல் சற்று இறங்கியிருந்தது.

*

புதுப் பாட்டுக்கு 'பாறை யோசிக்கிறது' என்று பெயர் வைத்தார்கள்.

"பாறை எதை யோசிக்குது?" என்று கேட்டாள் யானை மலையம்மா. குழுவில் பெரிய ஒலி அவளுடையது.

"அதைத்தான் ஆத்தா நாம கண்டுபிடிக்கணும்!" என்றான் துடுப்பன்.

தவளை குண்டோதரன் அடித்தொண்டையில் உறுமிப் பழகினான். சில்வண்டுகள் ரீங்காரத்தை ஏற்றி இறக்கிப் பழகின. மரங்கொத்தி டொக்கையாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. எந்த மரத்தைக் கொத்தினாலும் 'டொக்' என்றுதான் வந்தது. வேங்கையில் டொக். புங்கையில் டொக். இலுப்பையிலும் டொக்.

"இந்த டொக்கைக் காடு பிறந்த நாளிலேர்ந்து கேட்டுட்டு இருக்கோம் டொக்கையா! புதுசா ஒண்ணு வேணும்!" என்றான் துடுப்பன்.

டொக்கையா மரம் மரமாக அலைந்தார். ஒருநாள் காலை, மேடைக்குப் பக்கத்தில் நின்ற மருதமரத்துக்கே வந்தார். அதன் பெரிய கிளை ஒன்று, கூட்டம் உட்காரும் வெளிக்கு மேலே பந்தல்போல நீண்டிருந்தது. அதில் ஒரு கொத்து கொத்தினார்.

'தோம்ம்ம்ம்!'

துடுப்பன் குட்டையின் மறுகரையிலிருந்து பறந்தே வந்துவிட்டான். "இன்னொரு தடவை!"

'தோம்ம்ம்ம்!'

"அடடா! அடடா! இத்தனை நாள் இது எங்கே இருந்தது? எல்லாரும் வாங்க! நாதம் கிடைச்சாச்சு!"

குழுவே கிளையடியில் கூடிவிட்டது. டொக்கையா வேலையைத் தொடங்கினார். அடிக்கிளையில் ஒரு துளை போட்டார், ஒலி தணிந்தது. நுனிப்பக்கம் ஒரு துளை போட்டார், ஒலி ஏறியது. துளைக்குத் துளை ஒரு சுருதி! துடுப்பன் மேலும் கீழும் குதித்தான். "இன்னும் கொஞ்சம் ஆழமா! அப்படித்தான்! பக்கத்துல ஒண்ணு!"

கிளையிலிருந்து மாவுபோல ஏதோ கொட்டி சிலுப்பியின் முதுகில் விழுந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இது என்ன தூள், அண்ணே?"

"நாதத் தூள்!" என்றான் துடுப்பன்.

"விளையாடாதே. எல்லாக் கிளையும் டொக்குன்னு சொல்லும்போது இது மட்டும் ஏன் தோம்முன்னு சொல்லுது?"

"உள்ளே காலியா இருக்கும்" என்றார் டொக்கையா. "காலியா இருந்தாத்தான் நாதம் நிக்கும். காத்து புகுந்தா ஊதுதே மூங்கில், அதுவும் காலிதானே?"

"கேட்டியா?" என்றான் துடுப்பன். "சொல்லுது பாரு, அதுதான் முக்கியம். ஏன் சொல்லுதுன்னு கேட்டா பாட்டு வராது!"

சிலுப்பி முதுகை மெல்லத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கவலை தன் முட்களைப் பற்றித்தான். விட்டுவிட்டாள்.

*

கச்சேரி நாள் வந்தது. வெயில் சாயும் நேரம். துடுப்பன் மேடைப் பாறையில் ஏறித் திரும்பிப் பார்த்தான். அவன் அலகு திறந்தபடியே நின்றுவிட்டது.

கூட்டமென்றால் கூட்டம்! மந்திகள்தான் காடெல்லாம் தண்டோரா போட்டிருந்தன. "புதுநாதத்துக்கு இன்னிக்குக் கடைசி! அழுகாச்சி பார்க்க வாங்க!" பாட்டுக்காக வந்தவர்கள் குறைவு. வேடிக்கைக்காக வந்தவர்களே அதிகம். ஆனால் வந்துவிட்டார்கள். மான்கள் குட்டிகளோடு வந்திருந்தன. முயல்கள் வரிசையாக மருதக் கிளையின் நிழலில் உட்கார்ந்தன. மந்திகளுக்குத் தரையில் உட்கார்ந்தால் மறைக்குமாம். தலைவி செவத்தாள் தன் கூட்டத்தோடு அந்தப் பெரிய கிளையிலேயே ஏறி நெருக்கியடித்து அமர்ந்தாள்.

"டொக்கையா, சத்தம் காதுக்குள்ளேயே கேக்கும் போல இருக்கே!" என்றாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரும்மா. வாசிக்க இடம் வேணும்."

மயில்கள் வெளியின் ஓரத்தில் நின்றன. நீலகண்டர் கழுத்தை நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தார். "நல்லது. எழுந்து போறதுக்கு நிறையப் பேர் வந்திருக்காங்க!" என்றார்.

துடுப்பன் இரண்டு துடுப்புகளையும் குறுக்கே வைத்தான். பிறகு இடத் துடுப்பை மெல்ல உயர்த்தினான்.

குண்டோதரன் உறுமினான். அது உறுமல் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. தரைக்கு அடியில் ஏதோ புரண்டு படுத்ததுபோல இருந்தது. முயல்களின் காதுகள் நிமிர்ந்தன. வலத் துடுப்பு ஏறியது. சில்வண்டுகள் சேர்ந்துகொண்டன. அதன் மேல் டொக்கையா விழுந்தார். 'தோம்ம்ம்... தோம், தோம்ம்ம்!'

ஒரு மந்தி களுக்கென்று சிரித்தது. "பாறைக்கு வயித்து வலி!"

"உஸ்ஸ்!" என்றாள் செவத்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, தான் உஸ் சொன்னது.

மான்கள் மெல்லுவதை நிறுத்தின. கரடியார் தூங்கவில்லை! துடுப்பன் ஓரக்கண்ணால் பார்த்தான். இருக்கிறார்கள்! உட்கார்ந்திருக்கிறார்கள்!

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

'டிக்... கிர்ர்ரீச்.'

மெல்லிய சத்தம். மேலேயிருந்து வந்தது. துடுப்பன் திடுக்கிட்டான். பயத்தால் அல்ல, மகிழ்ச்சியால்! யார் அது? டொக்கையாவா? அவர் அலகு சும்மா இருந்தது. சில்வண்டா? இல்லை. இப்படி ஒரு ஒலியை நாம் பழகவே இல்லையே! யாரோ மேடையிலேயே புதிதாகப் பிடித்துவிட்டார்கள்! அவன் யோசிக்கவில்லை. இடத் துடுப்பை மலையம்மாவை நோக்கி வீசினான். பதில் சொல்லு!

மலையம்மா தும்பிக்கையைத் தரையில் ஊன்றி வயிற்றுக்குள்ளிருந்து ஒரு முழக்கம் விட்டாள். நிலம் அதிர்ந்தது. மருதமரம் அதிர்ந்தது.

'கிர்ர்ர்... டிக் டிக்... கிரீச்ச்!'

கூட்டம் 'ஆ!' என்றது. மலையம்மா முழங்க, அது பதில் சொல்கிறது! மறுபடி முழங்க, மறுபடி பதில்! ஒவ்வொரு பதிலும் முன்னதைவிடப் பெரிது. மந்திகள் தங்களை மறந்து கிளையோடு சேர்ந்து ஆடத் தொடங்கின. தூரத்தில் நின்ற மந்திகளும் தாவி வந்து கிளையில் ஏறிக்கொண்டன. முயல்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தன.

நீலகண்டரின் தோகை தரையில் தொய்ந்தது. "இது எப்படி..." என்று முனகினார்.

துடுப்பனுக்கு உலகமே தன் வால்நுனியில் ஆடுவதுபோல இருந்தது. இதற்காகத்தானே இத்தனை வருஷம்! யாரும் கேட்காத ஒலி! யாருடைய குரலும் இல்லாத ஒலி! "இன்னும்! இன்னும்!" என்று துடுப்பை உயரே, மேலும் உயரே தூக்கினான். மலையம்மா முன்னங்காலை ஓங்கினாள்.

'சல்ல்ல்ல்ல்!'

எல்லாம் நின்றது.

சிலுப்பி முதுகு சிலிர்த்து நின்றாள். பாட்டின் நடுவில், யாரும் கேட்காமல், முட்களை உதறிவிட்டாள். மலையம்மாவின் கால் பாதியில் தொங்கியது.

துடுப்பன் மேடையிலிருந்து அவள் முன்னால் வந்து விழுந்தான்.

"பாவி! என்ன செஞ்சே? பாட்டு முடியலை! உன் இடம் இது இல்லை!"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா செஞ்சே? இத்தனை வருஷத்துல முதல் தடவையா எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க! மேடை நம்ம கைக்கு வந்த நேரம்!"

"கத்தாதே, அண்ணே. அந்தச் சத்தம் யாருது?"

"என்ன?"

"பாட்டு முழுக்கச் சும்மா நிக்கிறவ நான். யார் எங்கே ஒலிக்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டே நிக்கிறதுதான் என் வேலை. குண்டோதரன் சத்தம் தெரியும். ஆத்தா சத்தம் தெரியும். அந்தக் கிரீச் நம்ம ஆளுங்க யாருதும் இல்லை. யாருதுன்னு நீ சொல்லு!"

"அதுதான் புதுசு! யாருதும் இல்லாத சத்தம்!"

"யாருதும் இல்லாத சத்தம்னு ஒண்ணு காட்டுல இருக்கா?"

துடுப்பன் வாயைத் திறந்தான். அதற்குள் மேலேயிருந்து, யாரும் முழங்காமலே, அது மறுபடி வந்தது. 'கிர்ர்ர்... டிக்.'

அவன் தொண்டை அவனைக் கேட்காமலே அசைந்தது. பழைய வித்தை! சத்தியம் செய்த நாளிலிருந்து பூட்டி வைத்திருந்த வித்தை. அலகுக்குள்ளேயே, தனக்கு மட்டும் கேட்கும்படி, அந்தச் சத்தத்தை ஒருமுறை செய்து பார்த்தான். கிர்ர்ர்... டிக்.

தொண்டைக்கு அது பழகிய தடமாக இருந்தது. முன்பே போய் வந்த தடம். மழைக்காலம். ஓடைக்கரை. பன்றிகள் சிதறி ஓடிய அந்தச் சத்தம்.

வாகைமரம்!

துடுப்பனின் இறகுகள் எல்லாம் ஒரேயடியாகச் சிலிர்த்தன. இது புதுச் சத்தமே இல்லை. காட்டின் மிகப் பழைய சத்தம். முறிகிற மரத்தின் சத்தம்! அவன் நிமிர்ந்து பார்த்தான். கிளை நிறைய மந்திகள். கிளைக்கு அடியில் முயல்களும் மான்குட்டிகளும். கிளை முழுக்கத் துளைகள். அவன்தான் போடச் சொன்ன துளைகள்.

"இறங்குங்க!" என்று கத்தினான். "எல்லாரும் கிளையை விட்டு இறங்குங்க! கீழே இருக்கிறவங்க ஓடுங்க! கிளை முறியுது!"

கூட்டம் ஒரு கணம் அவனைப் பார்த்தது. பிறகு ஆரவாரம் செய்தது.

"ஆகா! இதுவும் பாட்டா?" என்றாள் செவத்தாள். "முதல்ல அவ உதறினா, இப்ப இவன் கத்துறான்! நல்லா இருக்குடி!"

"பாட்டு இல்லைம்மா! நெசம்! இறங்கு!"

"அப்படியே அழுவுற மாதிரியே செய்றான் பாரு!"

மந்திகள் கிளையில் குதித்துக் கும்மாளம் போட்டன. 'டிக்! டிக்! கிரீச்ச்!'

எதைக் கேட்டாலும் இசைதான் என்று இத்தனை வருஷம் கூட்டத்துக்குப் பாடம் எடுத்தவன் துடுப்பன். இன்றைக்குத்தான் கூட்டம் அதைக் கற்றுக்கொண்டிருந்தது.

இனி ஒரே வழிதான். இந்தக் காட்டில் ஒரு குரல் உண்டு. அது காதுக்குப் போவதில்லை, நேரே காலுக்குப் போகும். சிறுத்தையைக் கண்டால் மயில் போடும் கூக்குரல். அதைப் போட்டால் கூட்டம் எழுந்து ஓடும். எழுந்து ஓடினால் மேடை போயிற்று. குழு போயிற்று. செய்த சத்தியமும் போயிற்று.

துடுப்பன் யார் கண்ணிலும் படாமல் ஓரத்துப் புதருக்குள் பாய்ந்தான். கழுத்தை நீட்டினான். நீலகண்டரின் குரல் அவன் தொண்டையிலிருந்து வெடித்து வந்தது.

"கேஏஏ... ஆவ்! கேஏஏ... ஆவ்! கேஏஏ... ஆவ்!"

அவ்வளவுதான்! யாரும் யாரையும் கேட்கவில்லை. செவத்தாள் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பக்கத்து மரத்துக்குத் தாவினாள். கிளையே காலியானது. மான்கள் ஒரே துள்ளலில் மறைந்தன. மலைத்துப்போய் நின்ற இரண்டு முயல்குட்டிகளை மலையம்மா தும்பிக்கையால் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். கரடியார் அத்தனை வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் நீலகண்டர்தான். "நான் எப்போ கூவினேன்? நான் எப்போ கூவினேன்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

'கிர்ர்ர்ர்ரீச்ச்ச்... மடார்!'

மருதக் கிளை முறிந்து விழுந்தது. குட்டைத் தண்ணீர் கரைமேல் ஏறி இறங்கியது. புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

*

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கிளையைச் சுற்றி நின்றார்கள். முறிந்த இடத்தில் உள்ளே ஒன்றுமில்லை. கறையான் தின்ற மண்ணும் மாவுத்தூளும்தான். சற்றுமுன் முயல்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் கிளை அரையடி ஆழம் பதிந்து கிடந்தது. செவத்தாள் குட்டியைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

துடுப்பன் எல்லார் முன்னாலும் வந்து நின்றான். "சிறுத்தை வரலை. கூவினது நான். இந்தக் கிளையைப் பொறுக்கினதும் நான்தான். ஏன் இப்படிச் சொல்லுதுன்னு சிலுப்பி அன்னிக்கே கேட்டா. இனிப்பா இருந்துச்சு, அதனால நான் கேக்கலை."

டொக்கையா தலையைக் குனிந்துகொண்டார். "துளை போட்டது என் அலகு" என்றார்.

"என் குரலைத் திருடினியா?" என்று நீலகண்டர் சீறினார்.

"ஆமாங்க அய்யா. சொன்னா யாரும் நம்பலை. இந்தக் காட்டுல ஒரு குரலைக் கேட்டு எல்லாரும் நம்பி ஓடுவாங்கன்னா அது உங்க குரல்தான்."

நீலகண்டரின் கழுத்து தானாக நிமிர்ந்தது. கோபம் பாதியாகிவிட்டது. ஆனால் பேச்சை விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். தலைவரே, கூட்டம் நடுவுலே எழுந்து போச்சா இல்லையா? தீர்ப்பு என்ன?"

கரடியாருக்கு இன்னும் மூச்சிரைத்தது. "எழுந்துதான் போச்சு" என்றார். "நானும்தான் போனேன். பாட்டு முடியிற வரைக்கும் உட்காரணும்னு சொன்னேன். ஆனா பாட்டு முடிஞ்சுதா?"

"ஒரு பாட்டுக்குச் சிலுப்பி கடைசியில ஒரே தடவைதானே உதறணும்? அதை நடுவுலேயே உதறிட்டாளே, இனி இந்தப் பாட்டு எங்கே முடியப் போகுது!"

சிலுப்பி முன்னால் வந்தாள். ஒவ்வொரு முள்ளும் நிமிர்ந்து நின்றது.

"அய்யா, அது பாட்டுக்கு உதறினது இல்லை. உங்க உசிருக்கு உதறினது. பாட்டுக்கு உதற வேண்டியது இன்னும் என் முதுகுலேயே இருக்கு!"

செவத்தாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "தலைவரே, பாறை என்ன யோசிச்சுதுன்னு தெரியாம நாங்க வீட்டுக்குப் போக முடியாது. நாங்க உட்காருறோம். இந்தத் தடவை தரையில."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மந்திகள் உட்கார்ந்தன. முயல் ஒன்று உட்கார, எல்லா முயல்களும் உட்கார்ந்தன. மான்கள் குட்டிகளை நடுவில் விட்டுச் சுற்றி அமர்ந்தன.

கரடியார் சிரித்தார். "எழுந்து போனவங்க திரும்பி வந்து உட்கார்ந்தா என்ன செய்யணும்னு நான் சொல்லலையே! பாடு, துடுப்பா. முடியட்டும், பார்ப்போம்."

துடுப்பன் உடனே மேடை ஏறவில்லை. மருதத்தின் மற்றக் கிளைகளை எல்லாம் டொக்கையா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். டொக். டொக். டொக்.

"டொக்தான் வருது, துடுப்பா" என்றார் சங்கடத்தோடு.

"டொக்கே போதும் டொக்கையா! அதைவிட நல்ல சத்தம் எனக்கு வேண்டாம்!"

விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். குண்டோதரன் உறுமினான். சில்வண்டுகள் ஏறின. மலையம்மா மெல்ல முழங்கினாள். டொக்கையாவின் டொக் அதற்குள் தைரியமாக நடந்து போனது. யாரும் எழவில்லை. கடைசியில் துடுப்பன் இரண்டு துடுப்புகளையும் குறுக்கே வைத்தான். வைத்தபடியே சற்று நின்றான்.

காது கொடுத்துக் கேட்டான். ஒரு முயல் புல் மென்றது. தண்ணீர் கரையைத் தொட்டது. கரடியாரின் வயிறு ஒருமுறை புரண்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். பிறகுதான் அவன் சிலுப்பியின் பக்கம் வாலைத் திருப்பினான்.

'சல்ல்ல்ல்ல்ல்!'

காடே எழுந்து நின்று ஆரவாரித்தது. இம்முறை அது எழலாம், பாட்டு முடிந்துவிட்டது! "மேடை துடுப்பனுக்குத்தான்!" என்றார் கரடியார். நீலகண்டர் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தோகையை விரித்தார். அதைப் பாராட்டு என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஓர் ஓசை காதுக்கு இனிக்கிறது என்பதற்காகவே அதைக் கொண்டாடாதே. அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேள்.